சரிவில் கேட் மாட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். மன்னார்குடி பக்கம், பாமணியாற்றங்கரையை ஒட்டிச் சின்னத் தென்னந்தோப்பு. டெல்டா முழுக்கத் தட்டையான பூமி, எனக்கு மட்டும் சரிவு வாய்த்திருக்கிறது! 10 அடி வாசலில் ஒரு தூணுக்கும் மறு தூணுக்கும் தரை முக்கால் அடி இறங்குகிறது.

மேட்டுப் பக்கத் தூணில் கீல் வைத்து ஒற்றைக் கதவு மாட்டினோம். மூடினால் பள்ளத்து ஓரத்தில் ஒரு சாண் இடைவெளி. பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டிகள் வயிற்றைத் தரையில் தேய்த்தபடி உள்ளே வந்துவிடுகின்றன. வெல்டரிடம் சொல்லி அடியில் சரிவாக ஒரு துண்டு வைத்தோம். இப்போது மூடினால் அழகாக உட்காருகிறது, ஆனால் பாதி திறப்பதற்குள் நுனி மண்ணில் குத்தி நின்றுவிடுகிறது. டிராக்டர் வரும்போதெல்லாம் இரண்டு பேர் தூக்கிப் பிடிக்கிறோம்.

திறக்கத் திறக்க மேலே ஏறும் கீல் உண்டாமே, கனமான இரும்புக் கதவுக்குத் தாங்குமா? இல்லை, இரட்டைக் கதவாக்கினால் சரியாகுமா? ஸ்லைடிங் வேண்டாம், மழையில் தண்டவாளம் சேறாகிவிடும்.

அப்புறம், இங்கே களிமண். கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கிறது, தூணும் லேசாகச் சாய்ந்திருக்கிறது. எத்தனை அடி குழி எடுத்துக் கான்கிரீட் போட்டீர்கள்? ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் முடிக்க வேண்டும். போட்டோ இருந்தால் போடுங்கள்.