தில்லியில் 2 சதவீத வித்தியாசம், 26 சீட் வித்தியாசம்: காங்கிரஸ் ஓட்டைப் பிரித்ததுதான் காரணமா?

மயூர்விஹார்_குமார் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். 2025 பிப்ரவரியில் நடந்த தில்லி சட்டமன்றத் தேர்தலைப் பற்றி இங்கே தமிழர்கள் நாலு பேர் கூடினால் இன்னமும் சண்டைதான். பாஜக 45.56 சதவீதம், ஆம் ஆத்மி 43.57 சதவீதம், இடைவெளி இரண்டு சதவீதம் கூட இல்லை. ஆனால் சீட் 48, 22. காங்கிரசுக்கு 6.34 சதவீத ஓட்டு, சீட் பூஜ்யம். "காங்கிரஸ் ஓட்டைப் பிரிச்சுது, கேஜ்ரிவால் தோத்தார், அவ்வளவுதான் கதை" என்று என் நண்பர்கள் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். புது தில்லித் தொகுதியைப் பார்த்தால் அதுவும் சரியாகத்தான் தெரிகிறது. கேஜ்ரிவால் பாஜகவின் பர்வேஷ் வர்மாவிடம் தோற்றது 4,089 ஓட்டில், காங்கிரசின் சந்தீப் தீட்சித் வாங்கியது 4,568. ஜங்புராவில் ஆம் ஆத்மியின் முன்னாள் துணை முதல்வர் சிசோடியா தோற்றது வெறும் 675 ஓட்டில், அங்கே காங்கிரஸ் வாங்கியது ஏழாயிரத்துக்கு மேல். எனக்கென்னவோ இந்த விளக்கம் போதவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஜங்புரா என்றால் நம் தமிழர்கள் வாழ்ந்த மதராஸி கேம்ப் குடிசைப் பகுதி இருந்த தொகுதி, அதைப் பற்றியும் தெரிந்தவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

கரோல்பாக்_பெரியவர் எழுதியது:

குமார் தம்பி, 2020 கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்போது ஆம் ஆத்மிக்கு 53.57, இப்போது 43.57. பத்து சதவீதம் அப்படியே போயிருக்கிறது. காங்கிரஸ் 4.26-லிருந்து 6.34, ஏறியது இரண்டே இரண்டு. பாஜக 38.51-லிருந்து 45.56, ஏழு. போன ஓட்டில் பெரும்பகுதி எங்கே போயிருக்கும் என்று இதிலேயே தெரிகிறது. பிரித்தவன் மேல் பழி போடுகிறவர்கள் விட்டுப் போனவனைப் பற்றிப் பேசுவதே இல்லை.

காங்கிரஸ் வாங்கிய ஓட்டை விடக் குறைந்த வித்தியாசத்தில் ஆம் ஆத்மி தோற்ற தொகுதிகள் ஒரு டஜனுக்கும் மேல் உண்டு, மறுக்கவில்லை. அவை அத்தனையையும் 22-உடன் கூட்டினாலும் பெரும்பான்மைக்குத் தேவையான 36-ஐத் தொட்டும் தொடாமலும்தான் நிற்கும். அதுவும் காங்கிரசுக்குப் போட்டவர் ஒருவர் விடாமல் ஆம் ஆத்மியின் துடைப்பம் சின்னத்துக்குப் போட்டிருந்தால்! 2024 மக்களவைத் தேர்தலில் இந்த இரண்டு கட்சியும் கூட்டணிதானே, நாலுக்கு மூன்று என்று பிரித்துக்கொண்டு நின்றார்கள், ஏழு தொகுதியிலும் பாஜகதான் ஜெயித்தது. ஓட்டைக் காகிதத்தில் கூட்டுவது சுலபம்.

சீட் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு கட்சி கிட்டத்தட்ட சமமாக மோதும் ஊரில் ஓட்டு எங்கே குவிந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. பாஜக சங்கம் விஹாரை 344 ஓட்டில் ஜெயித்தது, திரிலோக்புரியை 392-இல், ஜங்புராவை 675-இல். 344-இல் ஜெயித்தாலும் ஒரு சீட்தான், நாற்பதாயிரத்தில் ஜெயித்தாலும் ஒரு சீட்தான். 2015-இல் ஆம் ஆத்மி 67 வாங்கியபோதும், 2020-இல் 62 வாங்கியபோதும் இதே முறைதான் அவர்களைத் தூக்கிவிட்டது, அப்போது யாரும் குறை சொல்லவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள், தனித்தொகுதிகள் 12-இல் எட்டை ஆம் ஆத்மிதான் ஜெயித்தது, எங்கள் கரோல் பாக் உட்பட. ஏழை ஜனம் மொத்தமாகக் கைவிட்டுவிட்டது என்று தொலைக்காட்சியில் பேசியதெல்லாம் தப்பு.

ஆர்கேபுரம்வாசி எழுதியது:

பெரியவர் சொன்ன ஏழு சதவீதம் யார் என்று கேட்டால், அதில் நல்ல பங்கு எங்களைப் போன்ற மத்திய அரசு ஊழியர் குடும்பங்கள் என்றுதான் சொல்வேன். ஜனவரி 16-ஆம் தேதி எட்டாவது சம்பளக் கமிஷன் அறிவிப்பு, பிப்ரவரி 1 பட்ஜெட்டில் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்ற அறிவிப்பு, பிப்ரவரி 5 வாக்குப்பதிவு. ஆபீசில் அந்த வாரம் முழுக்க இதே பேச்சு. அதற்கு மேல் முதல்வர் பங்களாவைப் புதுப்பித்த செலவு, மதுக் கொள்கை வழக்கு. எளிமையைச் சொல்லி வந்த கட்சி மேல் அந்தக் குற்றச்சாட்டு ஒட்டிக்கொண்டது. வழக்கு என்ன ஆகும் என்பது வேறு, நடுத்தர வர்க்கத்து மனசில் விழுந்த கீறல் வேறு.

இலவசம் பற்றி ஒரு வார்த்தை. 200 யூனிட் மின்சாரம், பெண்களுக்கு இலவச பஸ் எல்லாம் தொடரும் என்று பாஜகவே சொல்லிவிட்டது. பெண்களுக்கு மாதம் 2,100 என்று ஆம் ஆத்மி சொன்னால் 2,500 என்று இவர்கள் சொன்னார்கள், காங்கிரசும் 2,500 என்றது. அப்புறம் பழைய கட்சியையே வைத்திருக்க என்ன காரணம் மிச்சம் இருக்கிறது? எனக்கு ஆம் ஆத்மி பள்ளிக்கூடங்களுக்குச் செய்தது நிஜமாகவே பிடித்திருந்தது, அதனால்தான் இந்தச் சரிவு வருத்தமாக இருக்கிறது.

போகல்_மீனாட்சி எழுதியது:

ஜங்புராவைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன், நான் பக்கத்தில் போகலில் இருக்கிறேன். சிசோடியா இங்கே புதியவர், பட்பர்கஞ்சை விட்டுவிட்டு வந்தவர். 2020-இல் பட்பர்கஞ்சில் அவர் மூவாயிரத்துச் சொச்சம் ஓட்டில்தான் தப்பித்தார், ஜங்புராவிலோ ஆம் ஆத்மியின் பிரவீன் குமார் பதினாறாயிரத்தில் ஜெயித்திருந்தார். பத்திரமான இடம் என்று நினைத்துத்தான் மாற்றியிருப்பார்கள். எதிரே நின்ற தர்விந்தர் சிங் மார்வா இதே தொகுதியில் 1998, 2003, 2008 மூன்று தடவையும் காங்கிரஸ் எம்எல்ஏவாக இருந்தவர், 2022-இல்தான் பாஜகவுக்கு வந்தார். தெருத்தெருவாகத் தெரிந்த முகம். பழைய காங்கிரஸ் ஓட்டில் ஒரு பகுதி அவருடனே நடந்து போயிருக்கும், அதைக் காங்கிரஸ் பிரித்த ஓட்டு என்று எந்தக் கணக்கில் எழுதுவது? 38,859-க்கு 38,184, அவ்வளவுதான் இடைவெளி.

மதராஸி கேம்ப் பற்றி. பாராபுல்லா வடிகால் ஓரம் இருந்த அந்தக் குடியிருப்பு தில்லி உயர் நீதிமன்ற உத்தரவின்படி ஜூன் 1-ஆம் தேதி இடிக்கப்பட்டது. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குகிறது, வடிகாலைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது காரணம். சுமார் 370 வீடுகள். அதில் 189 குடும்பங்களுக்குத்தான் நரேலாவில் மாற்று வீட்டுக்குத் தகுதி என்று பட்டியல் வந்தது. மற்றவர்கள்? விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு மூன்று தலைமுறையாக இங்கேயே இருந்தவர்கள். பெண்கள் பலர் ஜங்புரா, நிஜாமுதீன் பக்கம் வீட்டு வேலை செய்கிறவர்கள். நரேலா கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர், காலை ஏழு மணிக்கு வேலைக்கு எப்படி வருவது?

குமார் அண்ணா, இதையும் யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கு இரண்டு ஓட்டு என்று வைத்தாலே 370 வீட்டில் 740 ஓட்டு, மார்வா ஜெயித்த வித்தியாசத்தை விட அதிகம். ஓட்டு கேட்டு எல்லாக் கட்சியும் வந்தது. குடிசை இருக்கும் இடத்திலேயே வீடு என்ற வாக்குறுதியும் வந்தது. ஒரு தொகுதியின் முடிவையே மாற்றக்கூடிய எண்ணிக்கை இருந்தும், நாலு மாதத்தில் குடியிருப்பே இல்லை. பெரியவர் சொல்லும் சதவீதக் கணக்கில் இது வராது, ஆனால் எனக்கு இந்தத் தேர்தலில் மறக்க முடியாதது இதுதான்.

மயூர்விஹார்_குமார் எழுதியது:

மீனாட்சி, 740 என்ற கணக்கை நான் யோசித்ததே இல்லை, நன்றி. பெரியவர் ஐயா சொன்ன பத்துக்கு இரண்டு என்பதை நண்பர்களிடம் இன்றே காட்டப் போகிறேன். ஒரு சந்தேகம், நரேலா போனவர்களின் ஓட்டு இப்போது எந்தத் தொகுதியில் இருக்கும்?

கரோல்பாக்_பெரியவர் எழுதியது:

தானாக மாறாது தம்பி. நரேலா தனிச் சட்டமன்றத் தொகுதி. வீடு மாறியவர்கள் 8-ஆம் எண் படிவம் கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும், ஆன்லைனிலும் கொடுக்கலாம். பழைய விலாசத்தில் ஆள் இல்லை என்று சரிபார்க்க வருகிறவர் எழுதிவிட்டால் பெயர் பட்டியலிலிருந்து நீங்கிவிடும் ஆபத்து இருக்கிறது, அப்படி நீங்கினால் 6-ஆம் எண் படிவத்தில் புதிதாகத்தான் ஆரம்பிக்க வேண்டும். வீடு கிடைக்காமல் வாடகை அறைக்குப் போனவர்களுக்கு விலாசச் சான்று பெரிய தலைவலி, வீட்டுக்காரர் ஒப்பந்தம் எழுதித் தரமாட்டார். அவர்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

போகல்_மீனாட்சி எழுதியது:

ஐயா, எனக்குத் தெரிந்த குடும்பங்கள் சில அப்படி வாடகை அறையில்தான் இருக்கின்றன, படிவம் நிரப்பத் தெரியாது, ஹிந்தி பேசுவார்கள் ஆனால் எழுத வராது. ஞாயிற்றுக்கிழமை மதியம் நானும் தோழி ஒருத்தியும் போகிறோம். லேப்டாப்போடு ஒருவர் கூட வந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

ஆர்கேபுரம்வாசி எழுதியது:

நான் வருகிறேன் மேடம், ஸ்கேனரும் எடுத்து வருகிறேன். எங்கே வர வேண்டும் என்று தனிச் செய்தியில் சொல்லுங்கள்.