வாரம் நாலு நாள் வர முடியாதவருக்கு உளப்பகுப்பாய்வு (மனதில் வருவதையெல்லாம் பேசவைத்துச் செய்யும் சிகிச்சை) சரிப்படுமா?

தங்கச்சிமடம்_ஆலோசகர்: விசைப்படகில் போகிறவர்களுக்கு மீன்பிடித் தடைக்காலத்தில் (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14) மட்டும் தினமும் அமர்வு வைக்கலாமா? பகுப்பாய்வாளர் சென்னையில். போன்தான் வழி.

நாற்காலி_கட்டில்: வேண்டாம் சார். 61 நாள் அடர்த்தியாக வைத்தால், அப்பா மேலிருந்த கோபம் பகுப்பாய்வாளர் மேல் திரும்புகிற நேரத்தில் படகு கிளம்பிவிடும். அந்த உணர்ச்சி இடமாற்றத்தைப் பேசித் தீர்க்க ஆள் இருக்கமாட்டார். சர்வதேச உளப்பகுப்பாய்வுச் சங்கம் 2017-ல் வாரம் 3 முதல் 5 அமர்வு என்று தளர்த்தியது பயிற்சி பெறுகிறவர்களுக்கான கணக்கு. நடைமுறையில் எங்களில் பலர் வாரம் ஒன்றிரண்டு அமர்வோடுதான் ஓட்டுகிறோம். கரையில் நிற்கும் நாளில் ஒன்று, 50 நிமிஷம், வருஷம் பூரா. அது போதும். படுத்துக்கொண்டு பேசக் கட்டில் தேவையில்லை.

பாம்பன்_காத்து: போனில் பெரிய தொல்லை மௌனம். அவர் யோசிக்கிறாரா, சிக்னல் போச்சா? "கேக்குதா?" என்று நாம் கேட்ட நொடியில் அவர் நினைவோட்டம் அறுந்துவிடும். லைன் அறுந்தால் 2 நிமிஷத்துக்குள் பகுப்பாய்வாளரே கூப்பிடுவார் என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். வீட்டில் வேண்டாம், மதினி அடுத்த அறையில் இருந்தால் வாயே திறக்கமாட்டார். படகுத்துறையில் காத்து இரைச்சல். உங்கள் அலுவலக அறையைக் கொடுங்கள்.

வைகை_கரை: பகுப்பாய்வாளரின் பயிற்சியையும் விசாரியுங்கள். இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் 1922-ல் கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் தொடங்கியது. முறையான பயிற்சியென்றால் சொந்தப் பகுப்பாய்வு, வகுப்பு, மேற்பார்வையில் சிகிச்சை, மூன்றும் இருக்கும். வார இறுதிச் சான்றிதழை நம்பாதீர்கள். தற்கொலை எண்ணம், கடும் குடி இருந்தால் முதலில் மனநல மருத்துவர். அவசரத்துக்கு அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416.