மறு: டார்க் கான்ஸ்டலேஷன் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். 'டார்க் கான்ஸ்டலேஷன்' என்ற வானியல் சொல்லுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். நண்பர் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> 'இருண்ட விண்மீன் குழு' என்றே வைத்துக்கொள்ளலாமே. படித்ததும் புரியும்.

தவறாகப் புரிந்துவிடும் ஐயா, அதுதான் என் கவலை. மங்கலான விண்மீன்கள் சேர்ந்த கூட்டம் என்றுதான் மாணவர் நினைப்பார். நாம் பெயர் தேடும் உருவமோ விண்மீன்களால் ஆனதே இல்லை. பால்வீதியின் வெளிச்சத்தை முன்னால் இருக்கும் தூசு முகில்கள் மறைக்கின்றன. அந்தக் கறுப்புத் திட்டுகளில்தான் மக்கள் பறவையையும் விலங்கையும் கண்டார்கள். ஆகவே விண்மீனைக் குறிக்கும் 'மீன்', 'உடு' இரண்டும் இந்தச் சொல்லுக்குள் வரக்கூடாது. 'கரு உடுத்தொகுதி' என்றாலும் இதே சிக்கல்தான்.

ஆஸ்திரேலியாவின் கமிலராய், யுவாலயி பழங்குடி மக்களின் வான் ஈமுவைப் பாருங்கள். தென்சிலுவை விண்மீன் குழுவை ஒட்டியுள்ள கரிமூட்டை நெபுலா (கோல்சாக் என்னும் தூசு முகில்) அதன் தலை. கழுத்து ஆல்ஃபா, பீட்டா சென்டாரி விண்மீன்கள் வழியாக இறங்குகிறது. விருச்சிகம், தனுசுப் பக்கம் பால்வீதி தடித்திருக்கும் இடத்தில் உடல். ஏப்ரல், மே மாத இரவுகளில் அது கால் நீட்டி ஓடும். தரையில் ஈமுக்கள் இணை தேடி ஓடும் பருவமும் அதுதான். ஜூன், ஜூலையில் கால்கள் மறைந்து, முட்டைமேல் உட்கார்ந்த ஆண் பறவையாகிவிடும் (ஈமுவில் அடைகாப்பது ஆண்). கூடுகளில் முட்டை கிடைக்கும் காலம் என்று வானமே சொல்லிவிடுகிறது. சிட்னிக்கு வடக்கே கு-ரிங்-காய் சேஸ் தேசியப் பூங்காவில் ஒரு பாறையில் ஈமு செதுக்கப்பட்டிருக்கிறது. அங்கே இலையுதிர்கால இரவில் வான் ஈமு அதே சாய்வில் அதற்கு மேலே நிற்கும்.

தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் கெச்சுவா மொழி பேசுவோர் இத்தகைய உருவங்களை 'யானா ஃபுயு' என்கிறார்கள், அதாவது கருமுகில். பாம்பு, தேரை, நரி, குட்டியோடு நிற்கும் லாமா (ஒட்டக இனத்து விலங்கு) எல்லாம் அதில் உண்டு. ஈமுவுக்குக் கழுத்தாகும் அதே ஆல்ஃபா, பீட்டா சென்டாரி அங்கே லாமாவின் இரு கண்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெச்சுவா மொழியிலேயே எழுதப்பட்ட, பெரு நாட்டின் வரோச்சிரி கையெழுத்துப்படி இந்த லாமாவை யாக்கனா என்கிறது. நள்ளிரவில் யாருக்கும் தெரியாமல் இறங்கி வந்து கடல்நீரைக் குடித்துவிடுமாம். குடிக்காவிட்டால் உலகம் மூழ்கிவிடுமாம்.

மழை, முகில், கறுப்பு மூன்றும் இங்கே ஒன்றாக நிற்கின்றன. தமிழில் இந்த மூன்றையும் தாங்கும் ஓரசைச் சொல் 'கார்'. எனவே என் முன்மொழிவு: காருருவம். ஈமுக் காருருவம், லாமாக் காருருவம் என்று இயல்பாகச் சேரும்.

மக்கள் வானத்தை எப்படிப் பார்த்தார்கள் என்று ஆராயும் துறையின் பெயருக்குப் 'பண்பாட்டு வானியல்' போதும். 'தொல்வானியல்' வேண்டாம். கமிலராய் மக்கள் இன்றும் இருக்கிறார்கள், இன்றும் அந்த ஈமுவைக் காட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

அன்புடன்.

———

வணக்கம். விளக்கம் நன்று. ஆனால் 'கார்' என்றதும் வகுப்பில் பிள்ளைகள் வண்டியைத்தான் நினைப்பார்கள். 'நிழலுரு' எளிதாக இல்லையா? 'வான்நிழலுரு' என்றும் சொல்லலாம்.

———

அம்மா, வணக்கம். கார்காலம், கார்மேகம், கார்த்திகைக்கு முன் அறுக்கும் கார் நெல் என்று சொல்லும்போது யாருக்கும் வண்டி நினைவுக்கு வருவதில்லை. 'உருவம்' கூடவே வருவதால் இங்கேயும் வராது.

'நிழலுரு' வேண்டாம் என்பதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. நிழல் என்றாலே அதை வீழ்த்தும் பொருள் வேறெங்கோ இருக்கிறது என்றாகிவிடும். இங்கே கறுப்பாகத் தெரிவதே பொருள்தான். கரிமூட்டை சுமார் 600 ஒளியாண்டு தொலைவில் உள்ள உண்மையான வாயு, தூசு முகில். கெச்சுவா மக்கள் முகில் என்று பெயரிட்டார்கள். இன்றைய வானியலும் முகில் என்றே சொல்கிறது. நம் சொல் அதை விட்டுவிடக் கூடாது.

மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்:

காருருவம் – பால்வீதியின் ஒளிப்பின்னணியில் தூசு முகில்கள் கறுப்பாகத் தெரிவதால் அமையும், ஒரு மக்கள் பெயரிட்டு வழங்கும் வான் உருவம்.

'ஒரு மக்கள்' என்ற இடத்தில் 'ஒரு சமூகத்தார்' பொருத்தமா? இலங்கை நண்பர்கள் கருத்துச் சொல்ல வேண்டும். கன்னியாகுமரிப் பக்கத்து நண்பர்கள் யாராவது மே மாதம் நிலவில்லாத இரவு பத்து மணி வாக்கில் தெற்கே பாருங்கள். தென்சிலுவைக்குப் பக்கத்தில், அடிவானத்திலிருந்து இரண்டு சாண் உயரத்துக்குள், ஈமுவின் தலை தெரியும்.