ஸ்ட்ரோக் வந்து தேறினவங்க தாம்பத்தியம் பத்தி ஒரு சந்தேகம்

தங்கச்சிமடத்துக்காரி:
பேர் போடாம கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுக்காரருக்கு 46 வயசு, விசைப்படகுல டிரைவரா போனவரு. போன வருஷம் தடைக்காலத்துல வீட்ல இருக்கும்போதே இடது பக்கம் கை கால் இழுத்துக்கிச்சு. இப்ப கம்பு ஊன்டாமலே கடற்கரை வரைக்கும் போயிட்டு வந்துருறாரு, பேச்சும் தெளிவாயிருச்சு, ஆனா எங்களுக்குள்ள ஒன்னுமே இல்ல. ஒரு தடவ முடியாம போச்சு, அன்னைலருந்து வலை கிடக்குற கொட்டகையிலயே போய் படுத்துக்கிறாரு. எனக்கும் பிரஷர் ஏறி திரும்ப வந்துருமோன்னு பயந்தான். லாட்ஜ்ல வந்து உக்கார்ற வைத்தியர்கிட்ட லேகியம் வாங்கப் போறேங்கிறாரு, விடலாமா?

பிசியோ தம்பி:
விடாதீங்கக்கா. அந்த மாதிரி லேகியத்துல வயாகரா மருந்தையே பொடிச்சுக் கலந்து வித்து நிறைய பிடிபட்டிருக்கு. நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிற சார்பிட்ரேட் எடுக்குறவங்க அதச் சாப்பிட்டா பிரஷர் மடமடன்னு இறங்கி உயிருக்கே ஆபத்து. ஸ்ட்ரோக்குக்குப் பிறகு ஆசை குறையுறது, விறைப்பு வராம போறது எல்லாம் ரொம்பப் பேருக்கு உள்ளதுதான், ஆம்பளத்தனம் போயிருச்சுன்னு அர்த்தமில்ல. அட்டெனலால் மாதிரி பிரஷர் மாத்திரை, நீர் போற மாத்திரை, மனசுக்குக் குடுக்குற மாத்திரை இதெல்லாம்கூட காரணமா இருக்கும், சுகர் இருந்தா அதுவும் சேரும். அதுக்காக மாத்திரைய நீங்களா நிப்பாட்டிராதீங்க, அடுத்த ஸ்ட்ரோக்க கூப்பிட்ட மாதிரி ஆயிரும், டாக்டர்கிட்ட சொன்னா வேற மாத்திக் குடுப்பாரு. பிரஷர் கட்டுக்குள்ள இருந்து ரெண்டு மாடி உயரத்துக்குப் படி மூச்சு வாங்காம ஏறுறவருன்னா பொதுவா பயப்பட வேண்டியதில்ல, அதுனால திரும்ப ஸ்ட்ரோக் வர்றது ரொம்ப அபூர்வம். எதுக்கும் டாக்டர ஒரு வார்த்த கேட்டுக்கங்க.

கீழக்கரை காக்கா:
தங்கச்சி, நானும் ஸ்ட்ரோக் வந்து தேறினவந்தான். அவரு உங்கள வெறுத்து கொட்டகைக்குப் போகல, மறுபடி முடியாம போனா எந்த முகத்த வச்சு உங்களப் பாக்குறதுன்னுதான் போறாரு. மொதல்ல பக்கத்துல படுங்க, வேற எதுவும் வேணாம்னு சொல்லியே படுங்க. கை விழுந்த பக்கம் தொட்டா சில பேருக்குத் தெரியாது, நல்ல பக்கமா இருங்க. விழுந்த கைக்கு அடியில தலையணை வைங்க, அவர மல்லாக்கவோ ஒருச்சாய்ச்சோ படுக்க வச்சா சிரமம் இருக்காது. ராத்திரி அசதியா இருக்கும், விடியக்காலைல நல்லது. சாப்பாட்டுல ருசியில்ல, தூக்கமில்ல, எதுலயும் பிடிப்பில்லன்னா மனச்சோர்வு, ஸ்ட்ரோக் வந்த மூணு பேர்ல ஒருத்தருக்கு வரும், அதுக்கும் வைத்தியம் இருக்கு.

மண்டபம் அக்கா:
ஸ்ட்ரோக் வந்தது எனக்கு. பொம்பளைக்கும் இதெல்லாம் உண்டு, வறட்சி வரும், வலிக்கும், ஆசையே வராது, ஆனா ஒரு டாக்டரும் கேக்க மாட்டாங்க. நானே வாயத் தொறந்து நர்ஸம்மாகிட்ட சொன்னேன், வறட்சிக்கு மெடிக்கல்ல விக்கிற ஜெல் ஒன்னு எழுதிக் குடுத்தாங்க, அதுலயே பாதி சரியாச்சு.

தங்கச்சிமடத்துக்காரி:
டாக்டர்கிட்ட எப்புடி ஆரம்பிக்கிறது, கூட ஆளுக நிப்பாங்களே?

பிசியோ தம்பி:
"தாம்பத்தியத்துல பிரச்சனை, தனியா பேசணும்"னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி ஓபி சீட்டோட சேத்து நீட்டிருங்கக்கா. அவரையும் கூட்டிட்டுப் போங்க, சாப்பிடுற மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க.