வானத்தில் கண்டவற்றுள் இன்றும் மனத்தை விட்டு அகலாதது எது?

தக்கலை வாசகி:

2010 ஜனவரி 15 அன்று நிகழ்ந்த கங்கண சூரிய கிரகணத்தை நம் கன்னியாகுமரி மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். பிற்பகல் ஒரு மணி கடந்திருந்தது. சன்னல்களையெல்லாம் அடைத்துவிட்டு, பாட்டி எங்களை உள்ளறையில் அமர்த்தியிருந்தார். ஓட்டுக் கூரையின் சிறு துளை வழியே தரையில் விழும் ஒளிப்பொட்டு மற்ற நாள்களில் வட்டமாக இருக்கும். அன்றோ நடுவில் இருண்டு, குழந்தையின் வளையலைக் கழற்றி வைத்தாற்போல் கிடந்தது. கையை நீட்டினேன், வளையம் உள்ளங்கையில் ஏறி அமர்ந்தது. பாட்டி பதறிப்போய் என் கையைத் தட்டிவிட்டார்.

சந்திரன் அன்று பூமியிலிருந்து தொலைவில் இருந்ததால் சூரியனை முழுதும் மறைக்க இயலவில்லை என்பதும், என் கையில் விழுந்தது சூரியனின் உருவமே என்பதும் கல்லூரியில் படிக்கும்போதுதான் விளங்கின. அதைச் சொல்லிப் பாட்டியின் அச்சத்தைப் போக்கியிருக்கலாம். அப்போது அவர் இல்லை.

மணக்குடி வாசகர்:

துருவ நட்சத்திரத்தைப் புத்தகப் படத்தில் மட்டுமே கண்டிருந்த நான், அது தலைக்கு மேலே பளிச்சென்று ஒளிரும் என்றே நம்பியிருந்தேன். வள்ளத்தில் முதன்முறை உடன் சென்ற இரவில் பாட்டாவிடம் கேட்டபோது, அவர் கரையின் பக்கம் திரும்பி, கையை முழுதும் நீட்டி, விரல்களை முட்டியாக மடக்கித் தொடுவானத்தின் மேல் வைத்துக் காட்டினார். "பெருவிரலுக்குப் பக்கத்துல பாரு மக்கா" என்றார். மலைகளின் கரிய விளிம்புக்குச் சற்று மேலே மங்கலாக ஒரு வெள்ளி, அந்தத் துருவ நட்சத்திரம், இருந்தது.

ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ, ஏறத்தாழ அத்தனை பாகை உயரத்தில்தான் துருவ நட்சத்திரம் அங்கே தெரியும். நமக்கு 8 பாகை; நீட்டிய கையின் முட்டி ஏறக்குறைய 10 பாகை. பள்ளிக்கூடம் போகாத பாட்டாவுக்கு அந்த அளவு கையிலேயே இருந்தது. இரவு முழுவதும் அது இடம் மாறவே இல்லை.

நாகர்கோவில் வாசகர்:

மணக்குடி நண்பரின் கடைசி வரி சரியன்று. துருவ நட்சத்திரம், வானம் சுழல்வதாகத் தோன்றும் மையப்புள்ளியான வான துருவத்திலிருந்து முக்கால் பாகைக்கும் குறைவாக விலகியிருப்பதால், அதுவும் சிறு வட்டமடிக்கவே செய்கிறது. தக்கலைச் சகோதரியின் பாட்டியும் அஞ்சியிருக்கத் தேவையில்லை. துளை வழியே தரையில் விழும் உருவத்தைக் காண்பதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. எக்ஸ்ரே படச்சுருளைக் கண்ணில் வைத்துச் சூரியனைப் பார்த்தவர்களே அஞ்ச வேண்டியவர்கள்.

என் அனுபவம் சிறிது. 2020 டிசம்பர் 21 மாலையில் கொட்டாரம் வயல்வரப்பில் நின்று, வியாழனையும் சனியையும் ஒரே பைனாகுலர் வட்டத்துக்குள் கண்டேன். இடைவெளி முழுநிலவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். உடன் வந்த மகள் நெடுநேரம் பைனாகுலரைத் திருப்பித் தரவில்லை.

புதிதாகத் தொடங்குவோர் அவசரப்பட்டுத் தொலைநோக்கி வாங்க வேண்டாம். பத்து மடங்கு பெருக்கும், 50 மில்லிமீட்டர் வில்லை கொண்ட பைனாகுலரே முதலில் போதும். முழங்கைகளை மதிற்சுவரில் ஊன்றிக்கொண்டு பார்த்தால், 1610இல் கலிலியோ கண்ட வியாழனின் நான்கு நிலவுகளும் வரிசையாகத் தெரியும். மறுநாள் பார்த்தால் அவை இடம் மாறியிருக்கும். சனியின் வளையம் அதில் பிரிந்து தெரியாது, அதற்கு முப்பது மடங்காவது பெருக்கும் தொலைநோக்கி வேண்டும். நிலவையும் பௌர்ணமியன்று பார்க்காதீர்கள். வளர்பிறை எட்டாம் நாளில்தான் பள்ளங்களின் நிழல் நீண்டு விழும்.

மணக்குடி வாசகர்:

பாகைக் கணக்கை ஏற்கிறேன். ஆயினும் வலை இழுத்து முடித்தபின் பாட்டா மீண்டும் முட்டியை நீட்டினார். வெள்ளி அவர் பெருவிரலருகிலேயே இருந்தது.