காரில் எல்லோரும் சேர்ந்து கேட்கிற மாதிரி படப் பாட்டு சொல்லுங்கள்

கோத்தகிரி அம்மா:
மகளுக்கு 12 வயது, மகனுக்கு 15. மாமியாரைக் கண் டாக்டரிடம் காட்ட அடிக்கடி கோவைக்கு இறங்குகிறோம். குஞ்சப்பனை பக்கம் சிக்னல் நிற்காது, பாட்டை முன்னாடியே டவுன்லோடு செய்துவிட வேண்டும். மகன் போடுவதில் பாதி, குடியும் காதலித்த பெண்ணைத் திட்டுவதும்தான். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, சின்னவள் அதை வரி பிசகாமல் பாடுகிறாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் குழந்தைப் பாட்டுப் போட்டால் இரண்டு பேரும் இயர்போனை மாட்டிக்கொள்கிறார்கள். எல்லோரும் ஒரே ஸ்பீக்கரில் கேட்க என்ன போடலாம்? ‘யு’ சர்டிபிகேட் வாங்கிய படமா என்று பார்த்தால் போதுமா?

குன்னூர் கீபோர்டு வாத்தியார்:
போதாது அக்கா. சர்டிபிகேட் படத்துக்குத் தருவது. 2024இல் ‘யுஏ’வை 7+, 13+, 16+ என்று பிரித்துவிட்டார்கள், தியேட்டருக்குப் போகும்போது அது உதவும். பாட்டோ படத்தை விட்டுத் தனியாக உங்கள் போனுக்கு வந்துவிடுகிறது. வரிகளை நீங்களே ஒரு தடவை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

என்னிடம் படிக்க வருவதும் இந்த வயதுப் பிள்ளைகள்தான். குழந்தைகளுக்கான பாட்டு என்றால் ஓடுவார்கள். குழந்தைகளே பாடிய பாட்டு என்றால் நின்று கேட்பார்கள். அதனால் ‘அஞ்சலி’யில் தொடங்குங்கள். 1990இல் வந்தது, இளையராஜாவுக்கு 500வது படம். அதில் பாடிய சிறுவர் கூட்டத்தில் கார்த்திக் ராஜா, யுவன், பவதாரிணி, வெங்கட் பிரபு, பிரேம்ஜி எல்லோரும் உண்டு. இதைச் சொல்லிவிட்டு ‘அஞ்சலி அஞ்சலி’யைப் போடுங்கள். யுவன் குரல் எது என்று உங்கள் மகன் தேட ஆரம்பித்துவிடுவான். அதே படத்தில் உஷா உதுப் பாடிய ‘வேகம் வேகம்’ அவனுக்குக் கட்டாயம் பிடிக்கும்.

மகளுக்கு ‘சைவம்’ படத்தின் ‘அழகே அழகே’. பாடிய உத்ரா உன்னிகிருஷ்ணனுக்குத் தேசிய விருது அறிவித்தபோது வயது 10. எழுதிய நா. முத்துக்குமாருக்கும் அதே பாட்டுக்காகவே விருது. உத்ராவின் அப்பா உன்னிகிருஷ்ணனும் சினிமாவுக்குப் பாட வந்த புதிதிலேயே, ‘என்னவளே’, ‘உயிரும் நீயே’ இரண்டுக்கும் சேர்த்து இதே விருதை வாங்கியவர். சின்னப் பெண்கள் பெரிய பாடகிகளைப் போலப் பாட முயன்று தொண்டையை இறுக்கிக்கொள்வதை வகுப்பில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். உத்ரா இந்தப் பாட்டில் எங்கேயும் கத்துவதில்லை, வயதுக்கு மீறிய குழைவும் கிடையாது. உங்கள் மகள் கூடவே பாடட்டும், குரலுக்கு நல்லது.

அப்புறம், வரியே இல்லாத இசையை மறக்காதீர்கள். ‘96’ படத்தில் கோவிந்த் வசந்தாவின் வயலின் வரும் பின்னணி இசையைப் போட்டால், 15 வயதுப் பையன் அதைச் சின்னப்பிள்ளைத்தனம் என்று தள்ள மாட்டான்.

மகன் பாட்டை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். ஆளுக்கு ஒரு பாட்டு என்று முறை வையுங்கள். பாட்டி முன்னால் போடக்கூடியதை அவனே தேர்ந்தெடுக்கட்டும்.

கொடைக்கானல் அப்பா:
‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ மலையாளப் படம் 2024இல் வந்ததும் வந்தது, எங்கள் ஊரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்கூட ‘கண்மணி அன்போடு காதலன்’தான் பாடுகிறார்கள். வாலி எழுதிய அந்தப் பாட்டைப் பாட்டியும் ரசிப்பார். என் வீட்டில் கமல் கடிதம் சொல்லும் இடமெல்லாம் மகனுக்கு, ஜானகி பாடும் இடமெல்லாம் மகளுக்கு. ரொம்ப நன்றாக இருக்கும். ஆனால் அந்தப் பாட்டு முதலில் இடம்பெற்ற, 1991இல் வந்த ‘குணா’ படத்தை 12 வயதுக்குக் காட்டாதீர்கள் சகோதரி. பெண்ணைக் கடத்திக்கொண்டு போகிற கதை. அந்தப் படம் எடுத்த எங்கள் ஊர்க் குணா குகையைப் பார்த்துவிட்டுப் படத்தையும் பார்க்கிறேன் என்று என் மகள் கேட்டாள், இன்னும் கொஞ்ச வருஷம் போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

கோத்தகிரி அம்மா:
ரெண்டு பேருக்கும் நன்றி. முறை வைப்பது நல்ல யோசனை சார். மாமியார் முறை வந்தால் எங்கள் நீலகிரிப் படுகர்களின் படுகப் பாட்டுதான் கேட்பார், அது படப் பாட்டு இல்லை என்று நான் மறுக்கப்போவதில்லை. ‘பசங்க’ படப் பாட்டும் சேர்க்கலாமா?

குன்னூர் கீபோர்டு வாத்தியார்:
தாராளமாக. ஜேம்ஸ் வசந்தன் இசை, 2009. ‘அன்பாலே அழகாகும் வீடு’ பாலமுரளிகிருஷ்ணா பாடியது. பாட்டி முறையில் போட்டுவிடுங்கள், பிள்ளைகளும் கேட்பார்கள். படுகப் பாட்டில் உங்கள் மாமியார் விரும்பிக் கேட்பது எது என்று இங்கே எழுதுங்கள் அக்கா, வகுப்பில் வாசிக்கப் பார்க்கிறேன்.