பால் தொழில்நுட்பம் படித்தவன் விஸ்கான்சின் மேடிசனுக்கு விண்ணப்பிக்கலாமா?

பால்காரர்பேரன் எழுதியது:

வணக்கம். பி.டெக். பால் தொழில்நுட்பம் கடைசி வருடம் படிக்கிறேன். தாத்தா காலத்திலிருந்து வீட்டில் மாடு உண்டு. காலையில் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவேன். எம்.எஸ்.ஸுக்கு அமெரிக்காவில் விஸ்கான்சின் மேடிசன் பல்கலைக்கழகத்துக்குப் போடு என்று எங்கள் பேராசிரியர் சொல்கிறார். இணையத்தில் பார்த்தால் ஏறக்குறைய 50,000 மாணவர்கள் என்று இருக்கிறது. அவ்வளவு பெரிய இடத்தில் என்னை யார் கண்டுகொள்வார்கள் என்று பயமாக இருக்கிறது. கன்சல்டன்சியில் ரேங்க் பட்டியலைக் காட்டி, இதைவிட மேலே இருப்பதற்குப் போடு என்கிறார்கள். அப்பா கடன் வாங்கத் தயார், எனக்குத்தான் மனசு வரவில்லை. அங்கே இருப்பவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். குளிர், சாப்பாடு பற்றியும் சொன்னால் நல்லது.

மெண்டோட்டாகரை எழுதியது:

தம்பி, நான் இங்கே உணவு அறிவியலில் பிஎச்.டி. செய்கிறேன். உன் கேள்விக்கு நிதானமாகவே பதில் எழுதுகிறேன், ஏனென்றால் உன் படிப்புக்கு இந்த இடம் அவ்வளவு பொருத்தம்.

எங்கள் துறை இருக்கும் கட்டடத்தின் பெயர் பாப்காக் ஹால். ஸ்டீபன் பாப்காக் 1890இல் பாலில் கொழுப்பு எவ்வளவு என்று அளக்கும் சோதனையை இங்கேதான் உருவாக்கினார். கந்தக அமிலத்தை ஊற்றி, குடுவையைச் சுழற்றி, கழுத்தில் மேலே ஏறி நிற்கும் கொழுப்பைப் படிக்க வேண்டும். நீ லேபில் செய்யும் கெர்பர் சோதனைக்கு இது அண்ணன் முறை. காப்புரிமை எடுக்காமல் எல்லோருக்கும் விட்டுக்கொடுத்தார். அதுவரை தண்ணீர் கலந்தவனுக்கும் நல்ல பால் ஊற்றியவனுக்கும் ஒரே காசு. ஃபேட் பார்த்துக் காசு போடுவது பெரிய அளவில் நடக்க முடிந்தது அதற்குப் பிறகுதான். அதே கட்டடத்தில் இன்றைக்கும் பால் ஆலை ஓடுகிறது. மாணவர்கள் வேலை செய்கிறார்கள், ஐஸ்கிரீம் போடுவதை மாடியில் கண்ணாடி வழியாக நின்று பார்க்கலாம். பக்கத்திலேயே பால்வள ஆராய்ச்சி மையம். விஸ்கான்சின் மாநிலத்தின் சீஸ் தயாரிப்பாளர்கள் பயிற்சிக்கு வந்துபோகிற இடம் அது.

ரேங்க் பட்டியலில் தெரியாத ஒன்று உண்டு. இது மாநிலத்து மக்களின் பல்கலைக்கழகம். 1848இல் மாநிலம் உருவான அதே வருடம் தொடங்கியது. இங்கே கிடைக்கும் அறிவு மாநிலத்தின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் போய்ச்சேர வேண்டும் என்பது 1904இல் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த சார்லஸ் வான் ஹைஸின் நிலைப்பாடு. அது சும்மா மேடைப் பேச்சில்லை. 1933 பிப்ரவரியில் எட் கார்ல்சன் என்ற விவசாயி, டீர் பார்க் என்ற ஊரிலிருந்து பனிப்புயலில் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு மேடிசன் வந்தார். வண்டியில் செத்துப்போன கிடாரி ஒன்று, கெட்டுப்போன தீவனம், ஒரு பால் கேனில் உறையாத ரத்தம். மாடுகள் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து சாகின்றன, காரணம் தெரியவில்லை. அவர் போய் நின்றது உயிர்வேதியியலாளர் கார்ல் பால் லிங்க்கின் ஆய்வகத்தில். லிங்க்கின் குழு வருடக்கணக்கில் உழைத்து, 1939இல் கெட்ட தீவனத்திலிருந்து ரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருளைப் பிரித்தெடுத்தது. அந்த வழியில் வந்ததுதான் வார்ஃபரின். முதலில் எலி மருந்தாக வந்து, பிறகு மனிதர்களுக்கு மாத்திரையானது. நம்மூரில் இதய வால்வு மாற்றியவர்கள் வீட்டிலும் அந்த மாத்திரை இருக்கும். மாடு வளர்க்கும் வீட்டிலிருந்து வரும் உனக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

50,000 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படாதே. அது பெரும்பாலும் இளநிலை மாணவர்கள் தொகை. முதல் வருட வேதியியல் வகுப்பில் நூற்றுக்கணக்கானோர் ஒரே அரங்கில் உட்காருவார்கள், அவர்களுக்குத்தான் தொலைந்துபோகும் கவலை. உன் உலகம் ஒரு லேப். எங்கள் குழுவில் ஆறு பேர், வாரம் ஒருநாள் பேராசிரியருடன் தனியாக உட்கார்ந்து பேசலாம். ஆனால் அந்தப் பேராசிரியர் யார் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். பல்கலைக்கழகத்தைத் தேடுவதைவிட ஆளைத் தேடு.

குளிர் கடுமைதான். ஜனவரியில் மைனஸ் 20 டிகிரி வரை போகும், மெண்டோட்டா ஏரி உறைந்து மக்கள் அதன்மேல் நடப்பார்கள். காலுக்கு நல்ல பூட்ஸ் வாங்க யோசிக்காதே, அதை இங்கே வந்து வாங்கு. சமைக்கத் தெரிந்தால் சாப்பாட்டுக்குக் கவலை இல்லை, இந்திய மளிகை கிடைக்கும். பல்கலைக்கழகத்தின் ஈகிள் ஹைட்ஸ் குடியிருப்பை ஒட்டி 1962லிருந்து சமூகத் தோட்டம் இருக்கிறது. கோடையில் ஒரு துண்டு நிலம் எடுத்து நான் வெண்டையும் கத்தரியும் போடுகிறேன். பக்கத்துப் பாத்தியில் ஒரு கொரியப் பாட்டி முள்ளங்கி போடுவார். எனக்குப் பாதி ஆங்கிலம் அவரிடம் பேசித்தான் சரளமானது.

பால்காரர்பேரன் எழுதியது:

ரொம்ப நன்றி அக்கா. கிடாரி கதையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், மறுபடியும் படிக்கச் சொன்னார். பணம் எப்படி அக்கா? எம்.எஸ்.ஸுக்கு உதவித்தொகை வருமா?

ஸ்டேட்ஸ்ட்ரீட் எழுதியது:

இடையில் நானும் சொல்கிறேன். நான் இங்கே கணினி அறிவியலில் எம்.எஸ். முடித்தவன், சொந்தக் காசில். எங்கள் துறையில் படித்துமுடித்ததும் வேலைக்குப் போய் கடனை அடைக்கும் வாய்ப்பு ஓரளவு இருந்தது, அதனால் துணிந்தேன். உங்கள் துறையில் அந்தக் கணக்கை அப்படியே போடாதீர்கள். முழுக்க வகுப்புகள் மட்டும் இருக்கும் எம்.எஸ். என்றால் பெரும்பாலும் கைக்காசுதான். நல்ல ஆசிரியர்கள், நல்ல படிப்பு, அதில் எனக்குக் குறை இல்லை. வீட்டை அடமானம் வைக்கும் அளவுக்குப் போக வேண்டாம் என்பதுதான் நான் சொல்வது.

மெண்டோட்டாகரை எழுதியது:

அவர் சொல்வது சரி. நீ ஆய்வேடு எழுதும் எம்.எஸ்.ஸுக்குப் போடு. அதில் பேராசிரியரின் திட்டத்தில் ஆராய்ச்சி உதவியாளராகவோ, வகுப்பெடுக்கும் உதவியாளராகவோ சேரலாம். மூன்றில் ஒரு பங்கு வேலைநேரம் அல்லது அதற்குமேல் நியமனம் இருந்தால் கல்விக் கட்டணம் தள்ளுபடியாகும், மாதச் சம்பளமும் வரும். அனுமதிக் கடிதம் வந்தாலே பணம் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. கடிதத்தில் நியமனம், எத்தனை சதவீதம், எத்தனை வருடம் என்று எழுதியிருக்கிறதா பார். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்கு. கேட்பதை யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள்.

இப்போதே இரண்டு மூன்று பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் எழுது. "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் ஆய்வு என்னைக் கவர்ந்தது" என்று எல்லோருக்கும் ஒரே கடிதம் அனுப்பினால் பதில் வராது. அவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் உனக்கு வந்த ஒரு சந்தேகத்தைக் கேள். நீ லேபில் கைப்பட என்னென்ன செய்திருக்கிறாய் என்று எழுது. சொசைட்டியில் பால் ஊற்றியதையும் எழுது. பால் கறக்கும் வீட்டிலிருந்து வருகிறவனுக்கு இங்கே தனி மரியாதை உண்டு, பேராசிரியர்களில் சிலரே பண்ணை வீட்டுப் பிள்ளைகள். நிறையத் துறைகளுக்கு டிசம்பரிலேயே கடைசித் தேதி வந்துவிடும், துறையின் பக்கத்தில் பார்த்துக்கொள். கடிதத்தை எழுதிவிட்டு, அனுப்புவதற்கு முன் தனிச்செய்தியில் எனக்குப் போடு. படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.